எட்டுக்கு ரெண்டு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ஆராய்ச்சிக்கூடத்தில் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதோடு விடுகிறவர்கள் குறைவு. தோண்டித் துருவி என் வாயிலிருந்து எலி என்ற சொல்லை வாங்கியதும், "பொறி வெச்சுப் பிடிப்பீங்களா?" என்று சிரிப்பார்கள். பதினான்கு வருடமாக இதே நகைச்சுவை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் மனைவி மட்டும் வேறு மாதிரி சொல்வாள். "எங்க வீட்டுக்காரர் எலிங்களுக்குப் பிரசவம் பார்க்கிறவர்" என்பாள். அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எங்கள் எலி அறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. விளக்குகள் காலை ஏழுக்குத் தானாக எரிந்து மாலை ஏழுக்குத் தானாக அணையும். உள்ளே போகுமுன் வெளிச் செருப்பைக் கழற்றி உள் செருப்பை மாட்டி, கோட்டு, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். அடுக்கடுக்காக முந்நூறு கூண்டுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் அட்டை. அப்பா எது, அம்மா எது, எந்தத் தேதியில் ஜோடி சேர்த்தது, எத்தனை குட்டி பிறந்தது, எல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கும். எலிகளுக்குப் பெயர் கிடையாது. காதில் எந்த இடத்தில் துளை என்பதுதான் அடையாளம். குட்டியின் வால் நுனியில் கடுகளவு கிள்ளி மாடிக்கு அனுப்பினால், அது எந்த வகைக் குட்டி என்று மூன்றாம் நாள் பதில் வரும்.

அந்த எலிகள் எல்லாமே ஒரே ஒரு மரபணுவுக்காக வளர்கின்றன. அதன் முறையான பெயர் நான்கு எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்தது, வாயில் நுழையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டாக்டரம்மா அதை ஒரு கூண்டு அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர். ஐந்தடி கூட இருக்க மாட்டார். அவர் வேகத்துக்கு நான் ஓடித்தான் நடக்க வேண்டும்.

"உடம்புல எந்தச் செல்லை எடுத்தாலும் உள்ள இருக்கிற நூல் ஒண்ணுதான்" என்றார். "இதயத்துக்கு என்ன வேணும், மூளைக்கு என்ன வேணும், எல்லாம் அதே நூல்லதான் எழுதியிருக்கு. ஆனா இதயம் தன்னோட பாகத்த மட்டும்தான் படிக்கணும். மத்தத மூடி வைக்கணும். நூலைச் சுருட்டி, இறுக்கி, வேண்டாத இடத்தத் திறக்க விடாம பிடிச்சுக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. அதச் செய்யிறதுதான் நம்ம மரபணு."

"அப்ப அது பூட்டுங்களா மேடம்?" என்றேன்.

"பூட்டுதான்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுக்க அதன் பெயர் பூட்டு. பெயர் வைத்தவன் நான். கட்டுரைகளில் என் பெயர் வந்ததில்லை, அது தனிக் கதை.

ஒவ்வொரு எலிக்கும் இந்தப் பூட்டு மரபணு இரண்டு பிரதி. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் எலிக்கு ஒன்றும் ஆகாது. வால் லேசாக வளைந்திருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு பழுது உள்ள ஆணையும் ஒரு பழுது உள்ள பெண்ணையும் ஜோடி சேர்த்தால், நாலில் ஒரு பங்குக் கருவுக்கு இரண்டு பிரதியும் பழுதாக அமையும். பூட்டே இல்லாத கரு. அதில் எல்லாச் செல்லும் எல்லாப் பாகத்தையும் ஒரே நேரத்தில் படிக்கும். வீட்டில் இருக்கிற அத்தனை அலமாரியையும் திறந்து கொட்டிவிட்டால் ஒரு சட்டையைத் தேடி எடுக்க முடியுமா? அதே கதிதான். இதயம் அறை பிரிக்கத் தெரியாமல் பத்தாம் நாள் நின்றுவிடும். அந்தக் குட்டி பிறக்காது. தாய் எலியின் வயிற்றிலேயே கரைந்து ஒரு கரும்புள்ளியாக மிஞ்சும்.

எட்டுக் கரு தங்கினால் ஆறு குட்டி பிறக்கும், இரண்டு புள்ளியாகிவிடும். இதை நாங்கள் "எட்டுக்கு ரெண்டு" என்போம். மாத அறிக்கை கொடுக்கும்போது டாக்டரம்மா, "எப்படி இருக்கு?" என்பார். "எட்டுக்கு ரெண்டு, சரியா இருக்கு மேடம்" என்பேன். எங்கள் அறையில் அது சௌக்கியம் விசாரிப்பது மாதிரி.

என் மனைவி என் மாமா பெண். அம்மாவின் அண்ணன் மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. முப்பத்தாறு வயதிலும் குட்டிதான். "வேலையிலயும் குட்டிய எண்ணுறேன், வீட்டுக்கு வந்தாலும் குட்டி" என்று சொன்னால் முதுகில் ஒன்று வைப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்துக்குக் கண்ணாடியை ராவிப் பொருத்துவதில் அந்தக் கடையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை அத்தான் என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு முன்பும் அத்தான், பின்பும் அத்தான். கோபம் தலைக்கேறி என்னைக் கிழி கிழியென்று கிழிக்கும்போதும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் அத்தான் இருக்கும்.

கல்யாணமான மூன்றாவது வருடம் முதல் குழந்தை தங்கியது. பத்தாவது வாரம் போயிற்று. பேருந்துக் குலுக்கல் என்றார்கள், மாடிப்படி என்றார்கள். என் மாமியார், அதாவது மாமாவின் மனைவியான என் அத்தை, போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாள் பூரா எலிங்கள அறுக்கிற. அதுங்க வயிறு எரியாதா?" என்றார். நான் போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் சுவரைத் திட்டினேன். இரண்டாவதும் அதே பத்தாவது வாரம் போயிற்று. அப்போதுதான் மருத்துவமனையில், வெளிவந்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அதை விளக்குவதற்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தார். சின்ன அறை. மேசையில் கைக்குட்டைக் காகிதப் பெட்டி, நாங்கள் உட்காருகிற பக்கமாகத் தள்ளி வைத்திருந்தது. அறிக்கையில் இருந்த மரபணுப் பெயரைப் பார்த்ததும் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எங்கள் எலிகளின் பூட்டு அல்ல. ஆனால் அதன் கூடப்பிறந்தது. அதே நான்கு எழுத்து, எண் மட்டும் வேறு. அதே வேலை. எனக்கு ஒரு பிரதி பழுது, அவளுக்கு ஒரு பிரதி பழுது. எங்கள் இருவருக்கும் தாத்தா ஒருவரே. மூக்கையும் முன்கோபத்தையும் கொடுத்தவர், இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு..." என்று ஆலோசகர் ஆரம்பித்தார்.

"தெரியும் மேடம்" என்றேன். "பன்னெண்டு வருஷமா இதத்தான் பார்க்கிறேன். எட்டுக்கு ரெண்டு."

"அவருக்கு வேலையே இதுதாங்க" என்றாள் என் மனைவி. அழுது வீங்கிய முகத்தோடு, அந்த அறையில், என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள்.

"அப்படியா, ரொம்ப நல்லது. ஆனா ஒண்ணு மட்டும் ரெண்டு பேரும் கவனத்துல..."

"தெரியும் மேடம்" என்றேன் மறுபடி. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சில தாள்களை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார். படித்துப் பாருங்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அந்த உறையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நான் படிக்கவில்லை. நான் வைத்ததால் அவளும் படிக்கவில்லை.

மூன்று நாள் அவள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் சாயங்காலம், "நமக்குக் குழந்தையே பொறக்காதா அத்தான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்ட குரலை என்னால் தாங்க முடியவில்லை. எதையாவது சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

புதுக் கண்ணாடிச் சட்டங்களில் பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். உண்மையான கண்ணாடியைப் பொருத்தும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். எதற்காவது ஆகும் என்று அவள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். இதுவரை எதற்கும் ஆகவில்லை. நான் டப்பாவைத் திறந்து எட்டு வில்லைகளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன்.

"இங்க பாரு குட்டி. இது எட்டு. நம்ம மாதிரி ஜோடிக்கு எட்டு தங்குனா ரெண்டு போகும்." இரண்டை ஒதுக்கினேன். "நமக்கு ரெண்டு போயாச்சு. மிச்சம் எத்தனை?"

"ஆறு."

"ஆறும் நல்லது. இனிமே பயம் இல்ல."

அவள் அந்த ஆறையும் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. "ஆறா? யாரால பெத்து வளர்க்க முடியும்? எனக்கு ஒண்ணு போதும் அத்தான்" என்றாள். ஆறு வில்லையையும் ஒரு கண்ணாடிக்கூட்டில் போட்டு மூடி மேசை இழுப்பறையில் வைத்தாள். இரண்டை மட்டும் கண்ணாடி துடைக்கும் நீலத் துணியில் மடித்து, அதே இழுப்பறையின் மறு மூலையில் வைத்தாள்.

எனக்குத் தெரியாமலா சொன்னேன்? முந்நூறு கூண்டுக்காரன் நான். எட்டில் ஒன்று கூடப் போகாத வயிற்றையும் பார்த்திருக்கிறேன், எட்டில் நாலு போன வயிற்றையும் பார்த்திருக்கிறேன். மாதம் முழுவதையும் கூட்டிப் போட்டால்தான் எட்டுக்கு ரெண்டு. எலி ஒரே வயிற்றில் எட்டுச் சுமக்கிறது, அதனால் எனக்கு எட்டாகவே யோசித்துப் பழக்கம். மனுஷி ஒன்று ஒன்றாகச் சுமக்கிறாள். இந்த வித்தியாசம் தெரியாத முட்டாள் இல்லை நான். வெளியே வரும்போது கோட்டையும் தொப்பியையும் கழற்றி மாட்டுவது மாதிரி, தெரிந்ததையும் அங்கேயே மாட்டிவிட்டு வந்தேன். அவள் சிரித்த பிறகு, நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அடுத்த வருடம் மூன்றாவது தங்கியது.

முதல் இரண்டு முறையும் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தாள், தும்மினால்கூட என்னைப் பார்ப்பாள். இந்த முறை அந்தப் பயம் மருந்துக்கும் இல்லை. ஆறாவது வாரமே கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். என் மாமியார், "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லு" என்று போனில் அதட்டினார். "உங்க மருமகன் கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரும்மா. கெட்டது ரெண்டும் போயிடுச்சு" என்றாள் இவள். அந்தப் பக்கம் அத்தை வாயடைத்துப் போனார். வாழ்க்கையில் முதல்முறை.

அதோடு பாட ஆரம்பித்தாள். அவளுக்குப் பாட்டு சுத்தமாக வராது. அவள் பாடினால் மேல்வீட்டு நாய் எழுந்து வேறு பக்கம் போகும். துணி மடிக்கும்போது, தலை சீவும்போது, குளியலறையில், எப்போதும் ஏதோ ஒன்று. வரிகள் அவளே போட்டவை. அத்தானுக்கு மூக்கு நீளம், பிள்ளைக்கு அந்த மூக்கு வேண்டாம், இந்த ரகம்.

ஒன்பதாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அன்று எங்கள் அறையில் பன்னிரண்டாம் நாள் பார்க்க வேண்டிய தாய் எலி ஒன்று இருந்தது. ஜோடி சேர்ந்ததற்கான அடையாளம் காலையில் தெரிந்தால் அந்த நாளைப் பூச்சியம் என்று எழுதுவோம். அதிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் நாள். வலி தெரியாமல் அதன் கதையை முடித்து வயிற்றைத் திறந்தேன். எலியின் கருப்பை இரண்டு கிளையாகப் பிரியும். காய்க்குள் விதை மாதிரி குட்டிகள் வரிசையாக இருக்கும். இடது கிளையில் நான்கு, வலது கிளையில் நான்கு. இடது பக்கம் முதலாவது புள்ளி. இரண்டாவதும் புள்ளி. சரி, கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவதும் புள்ளி. நான்காவது நன்றாக இருந்தது, ரோஜா நிறத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு பொட்டு. வலது கிளையில் இன்னும் இரண்டு புள்ளி. எட்டுக்கு ஐந்து.

டாக்டரம்மா பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏதோ தப்பு மேடம்" என்றேன். "ரெண்டுதானே போகணும்?"

"யார் சொன்னா?"

"எட்டுக்கு ரெண்டு..."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா இப்படிக் கேட்கிறீங்க? இதுங்களுக்குக் கணக்கு தெரியுமா? ஒவ்வொண்ணும் தனித்தனியா சீட்டு எடுக்குது. முன்னாடி எடுத்ததுக்கு என்ன வந்துச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல ரெண்டு போயிடுச்சுன்னு மூணாவது பொழைச்சுக்குமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமான வேகத்தில் சொல்லிவிட்டு, எட்டு, மூன்று, ஐந்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குட்டி, நான் சொன்னது தப்பு. இந்தக் குழந்தைக்கும் அதே நாலில் ஒன்றுதான். பிழைக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் நிச்சயம் இல்லை. இவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகாது.

கதவைத் திறந்தால் உள்ளே பாட்டு. அவள் தரையில் உட்கார்ந்து, பழைய படுக்கை விரிப்பைக் குழந்தைக்கென்று சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாட்டில் என்னையும் சேர்த்தாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு அத்தான்? டாக்டரம்மா திட்டுனாங்களா?"

"ஆமா" என்றேன்.

"விடுங்க. அவங்களுக்கு வேற வேலை இல்ல" என்று துணியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அவள் நேராக வெட்டினாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அப்புறம் எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது: இன்னும் ஒரு வாரம்தானே, தாண்டிவிட்டால் சொல்லவே தேவையில்லையே. கோழைக்கு இப்படி யோசனை வந்துகொண்டே இருக்கும். பத்து நாள் அவள் பாடினாள். பத்து நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பதினொன்றாம் நாள் ஸ்கேன். இருட்டான அறை, திரையில் சாம்பல் நிறம். எடுத்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு, கருவியை அழுத்தி, சாய்த்து, மறுபடி அழுத்திப் பார்த்தாள். எனக்குத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. தேடுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

அடுத்த இரண்டு நாளில் என்னென்ன நடக்க வேண்டுமோ அதெல்லாம் மருத்துவமனையில் நடந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வெட்டி வைத்த சதுரத் துணிகளை அவளே எடுத்து மேல்தட்டில் வைத்தாள். அங்கே அந்த உறை இருந்தது. அதைத் தள்ளிவிட்டு வைத்தாள். ஐந்தாம் நாள் நான் வேலைக்குப் போனேன். அவள் இன்னும் விடுப்பில் இருந்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி, தலை சீவியிருந்தாள். மேசைமேல் வில்லைகள். இந்த முறை எட்டு இல்லை. டப்பாவிலிருந்து இன்னும் நான்கு எடுத்துச் சேர்த்திருந்தாள். ஒன்பது ஒரு வரிசையில், மூன்று தனியாக நீலத் துணியின் மேல்.

"நான் யோசிச்சுப் பார்த்தேன் அத்தான்" என்றாள். "எட்டோட நிறுத்துனதுதான் தப்பு. பன்னெண்டுன்னு வெச்சுக்கிட்டா மூணு போகணும். சரியா வருது, இல்ல? அப்ப இன்னும் ஒம்போது இருக்கு."

சின்ன வயதில் வீட்டுப்பாடத்தைச் செய்து முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். அதே முகம். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எழுந்து போய் விளக்கைப் போடுவாள், நாளைக்குக் கடைக்குப் போவாள், ஒரு வருடம் கழித்து மறுபடி பாடுவாள். எனக்கு அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல குட்டி" என்றேன். "ஒம்போது இல்ல. ஆறும் இல்ல. அப்படி எதுவும் எப்பவுமே இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஒவ்வொரு குழந்தையும் தனியாகச் சீட்டு எடுக்கிறது என்றேன். முன்னால் போனவை அடுத்ததைக் காப்பாற்றுவதற்காகப் போகவில்லை, அடுத்தது அதனால் பிழைக்கப் போவதும் இல்லை என்றேன். ஒரு வில்லையைக் கூடத் தொடவில்லை. அவள் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதச் சொல்லத்தான் ஆஸ்பத்திரில அந்தம்மா அன்னைக்கு வாயெடுத்தாங்களா?"

"ஆமா."

"நீங்க தெரியும் தெரியும்னீங்க."

"ஆமா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

அந்த இடத்திலாவது பொய் சொல்லாமல் இருந்தேன். "சொன்னப்பவே எங்கயோ தெரியும். ஒதுக்கி வெச்சுட்டேன். அப்புறம் ஒன்பதாவது வாரம், வேலையில ஒரு எலி வயித்துல அஞ்சு புள்ளி பார்த்தேன். அன்னைக்கு நல்லாவே தெரிஞ்சுபோச்சு."

அவள் மனதுக்குள் நாட்களை எண்ணினாள். உதடு அசைந்தது தெரிந்தது.

"துணி வெட்டுன அன்னைக்கு."

"ஆமா."

"அப்புறம் பத்து நாள். நான் பாடிட்டே இருந்தேன்."

தலையாட்டினேன்.

"நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தீங்க."

அழுதேன். அவள் அழவில்லை. அந்த வரிசையைக் கையால் கூட்டி, ஒன்பது வில்லையையும் மேசை ஓரமாக என் பக்கம் தள்ளினாள். "இதக் கொண்டுபோய்ப் போடுங்க" என்றாள். மூன்றை மட்டும் நீலத் துணியில் வைத்து, நான்கு முனையையும் ஒவ்வொன்றாக மடித்தாள். கண்ணாடிக்கடையில் வாடிக்கையாளருக்கு மடித்துக் கொடுப்பது மாதிரியே மடித்தாள், மூலை பிசகாமல். "எட்டுக்கு ரெண்டும் இல்ல, பன்னெண்டுக்கு மூணும் இல்ல. இது வெறும் மூணு" என்றாள். "மூணு பேரு."

"அந்த உறையில வேற வழி எழுதியிருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். "கருவ வெளியிலயே உருவாக்கி, பழுது இருக்கான்னு முன்னாடியே பார்த்துட்டு வயித்துல வைக்கிற மாதிரி. போய்க் கேட்கலாமா?"

"நான் படிச்சுக்கிறேன்" என்றாள்.

படித்தாள். மறுநாள் உறையை மேல்தட்டிலிருந்து எடுத்து, எல்லாத் தாளையும் அவளே படித்தாள். ஆலோசகரை அவளே கூப்பிட்டுப் பேசினாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஏழு மாதமாகிறது. கடைக்குப் போகிறாள், வருகிறாள். சண்டை இல்லை. எனக்கு ஜுரம் வந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். நான் அறிக்கை கொடுக்கும்போது எட்டுக்கு ரெண்டு என்பதில்லை. எண்களை மட்டும் படிக்கிறேன். டாக்டரம்மா ஒருமுறை ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, சாவிய எடுத்துக்கிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள். எடுத்துக்கொண்டேன் என்றேன். "சரி, போயிட்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு வரவேண்டிய, பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்ட அந்த ஒரு சொல்லுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏழு மாதமாகத் தினமும் நிற்கிறேன். சீப்பை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினேன்.